மூன்று சுற்றுக்கு மேல்

ஜனவரி 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள் என்று இந்தத் தடவையாவது விவரமாக எழுது. போன கடிதத்தில் "எல்லோரும் சௌக்கியம்" என்று ஒரு வரி எழுதிவிட்டு, மீதிப் பக்கம் முழுக்க நீ பழுது பார்த்த லிஃப்டைப் பற்றி எழுதியிருந்தாய். அந்த லிஃப்டின் உடல்நிலை எனக்கு நன்றாகப் புரிந்தது. அண்ணியின் முழங்கால் வலி என்ன ஆனது என்றுதான் தெரியவில்லை.

ஃபோனில் பேசினால் மூன்றாவது நிமிஷத்தில் சண்டை வருகிறது, எழுதினால் வருவதில்லை என்று நாம் கண்டுபிடித்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. அம்மா போனபிறகு நாம் இருவரும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் அதுதான். அதனால் இதையும் எழுதியே கேட்கிறேன். கோபப்படாமல் படி.

நாம் சின்ன வயதில் இருந்த வீட்டை நான் செய்துகொண்டிருக்கிறேன். பொம்மை வீடாக, அறை அறையாக. பகலெல்லாம் லேபில் யார் யார் வாய்க்கோ பல் செட் செய்கிறேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதே மெழுகு, அதே பிளாஸ்டர், அதே குட்டி டிரில்லை வைத்துக்கொண்டு சுவரும் ஜன்னலும் செய்கிறேன். ஒரு அடி என்றால் இங்கே ஒரு அங்குலம். ஆறு அறைகள் முடிந்துவிட்டன. எங்கள் தெருமுனை நூலகத்தின் மாடி ஹாலில் மே மாதம் கண்காட்சி வைக்கலாம் என்று நூலகர் அம்மா சொல்லியிருக்கிறார். ஏழு அறை வேண்டுமாம்.

படங்கள் வைத்திருக்கிறேன், பார். சாப்பாட்டு அறையில் நாலு நாற்காலியும் சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கின்றன, தட்டுகள் மட்டும் மேஜையில். குளியலறைக் கண்ணாடியில் ஒருத்தியின் முதுகு தெரிகிறது, ஆனால் அறையில் ஆளே கிடையாது. படுக்கையறையில் தலையணையைத் தூக்கினால் அடியில் வரிசையாகப் பதினாறு பற்கள். (அது லேபில் மிச்சமானது. முதலாளியிடம் சொல்லிவிடாதே.) பார்க்க வருபவர்கள் சிரிக்க வாயைத் திறந்து, பாதியில் மூடிக்கொள்கிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது.

இந்த அறைகளுக்குள் வைப்பதற்காகத்தான் பழைய பொம்மைகளாக வாங்கிக் குவிக்கிறேன். தெருக்கோடி கார் ஷெட்டுக்குப் பின்னால் கடை வைத்திருக்கும் பழைய பொம்மைக்காரர் போன வாரம் ஒரு பெட்டி கொடுத்தார். மூடிப்போன ஏதோ நர்சரிப் பள்ளியுடையதாம். பதினோரு பொம்மைகள், எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பதினாலு கண்கள். சாவி கொடுத்தால் குதிக்கும் தகரத் தவளை ஒன்றும் இருந்தது. வழக்கம்போல் மூன்று சுற்றுக்கு மேல் நான் சாவி கொடுக்கவில்லை. "என்னம்மா, தவளைக்கு மருந்தா கொடுக்கறே, சொட்டு சொட்டா?" என்று சிரிக்கிறார்.

ஏழாவது, நம் முன்னறை. அதுதான் நிற்கமாட்டேன் என்கிறது. நாலு தடவை சுவரை ஒட்டி, நாலு தடவை பிய்த்துவிட்டேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் உட்காரத் தோன்றுகிறது. உனக்குப் பதினாலு வயது அப்போது, எல்லாம் நினைவிருக்கும். வாசல் கதவு எந்தப் பக்கம் திறக்கும்? அப்பாவின் ஷூ வைக்கும் பெட்டி ஜன்னலுக்குக் கீழேயா, கதவுக்குப் பின்னாலா? தரை என்ன நிறம்?

அண்ணிக்கு என் அன்பு. பதில் சீக்கிரம் போடு.

உன் தங்கை
சுண்டு

பின்குறிப்பு: நூலகத்து லிஃப்ட் ஆறு மாதமாக ஓடவில்லை. முடிந்த ஒவ்வொரு அறையையும் அங்கே கொண்டுபோய் வைக்க, கையில் ஏந்திக்கொண்டு அறுபத்திரண்டு படி ஏறுகிறேன். உலகத்து லிஃப்டுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கும் அண்ணனுக்குத் தங்கையாகப் பிறந்த பலன்.


ஜனவரி 29

அன்புத் தங்கை சுண்டுவுக்கு,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. அண்ணிக்கு முழங்கால் இப்போது தேவலை, ஆனால் உன் படங்களைப் பார்த்ததும் வேறு வலி வந்துவிட்டது. அந்தப் பல் வரிசையைப் பார்த்துவிட்டு, அன்று முழுக்கத் தலையணையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்க தங்கச்சிக்கு இவ்வளவு கைவேலை தெரியுது, ஒரு பூந்தோட்டம் செய்யக் கூடாதா?" என்று கேட்கிறாள். நானும் அதையேதான் கேட்கிறேன். குழந்தைகள் கொஞ்சி விளையாடிய பொம்மைகளை எடுத்து இப்படிப் பயமுறுத்தும்படி வைக்க உனக்கு எப்படி மனசு வருகிறது?

மூன்று சுற்றுச் சமாசாரம் ஒன்றும் புதிதில்லை. நீ எதைத்தான் முழுசாக முறுக்கியிருக்கிறாய்? உன் வீட்டில் எந்தக் குழாயும் ஒழுகாமல் நான் பார்த்ததில்லை. ஊறுகாய் பாட்டிலைத் திறந்த மாதிரியே மூடி வைத்து, என் பெட்டி முழுக்கக் கொட்டிவிட்டு அனுப்பியவள் நீ. அந்தச் சட்டை இன்னும் மஞ்சளாகத்தான் இருக்கிறது.

நூலகத்து லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறது, கதவு மூடும்போது சத்தம் வருகிறதா என்று கேட்டு எழுது. பாதி லிஃப்டுகள் கதவுக் கோளாறினால்தான் நிற்கின்றன. இயந்திரத்தை யாரும் குறை சொல்லக் கூடாது.

இரண்டு விஷயம் கேட்கவேண்டும். ஆறு அறையிலும் கடிகாரம் மூன்று இருபதைக் காட்டுகிறது. ஒரு அறை என்றால் தற்செயல். ஆறிலும் ஏன்? சமையலறையில் அம்மா பொம்மையின் வலது மணிக்கட்டில் வெள்ளை நூல் சுற்றியிருக்கிறாய். அது ஏன்? அண்ணி கவனிக்கவில்லை. நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.

கதவு உள்பக்கம், இடது கைப் பக்கமாகத் திறக்கும். ஷூ பெட்டி கதவுக்குப் பின்னால். தரை சிமெண்ட், சிவப்பு, ஜன்னலுக்குக் கீழே ஒரு விரிசல். அளவு பன்னிரண்டுக்குப் பத்து. நீ கேட்டாய் என்பதற்காகத்தான் எழுதினேன். என் யோசனையைக் கேட்டால், முன்னறையை விட்டுவிடு. ஏழுக்குப் பதிலாக ஆறு இருந்தால் யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள்? நாங்களும் வீடு மாறலாம் என்று பார்க்கிறோம், இந்த வீட்டில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாலு வருஷத்தில் இது மூன்றாவது வீடு என்று அண்ணி திட்டுகிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்


பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

முன்னறையை விடச் சொல்கிறாய். விட முடிந்தால் உன்னிடம் கேட்டிருப்பேனா? மற்ற ஆறும் அந்த ஒன்றைச் செய்யப் பயந்து செய்தவைதான். தரைக்குச் சிவப்புப் பூசி, விரிசலை ஊசியால் கீறிவிட்டேன். அளவு சொன்னதற்கு நன்றி. எதையும் சுமாராகச் சொல்லத் தெரியாத அண்ணன் கிடைத்தது அதிர்ஷ்டம்தான்.

உன் கேள்விகளுக்குப் பதில். அம்மாவின் மணிக்கட்டு எனக்கு அப்படித்தான் ஞாபகம் இருக்கிறது. வெள்ளைக் கட்டுப் போட்டிருந்தாள். வெந்நீர் கொட்டிவிட்டது என்று சொன்னாள். உனக்கு ஞாபகமில்லையா? கடிகாரத்தைப் பற்றி வேறொரு நாள் சொல்கிறேன். எழுத உட்கார்ந்தால் கை வேறு எங்கோ போய்விடுகிறது.

நேற்று லேபில் ஒரு பெரியவருக்கு மேல்வரிசையில் ஒரு பல்லைத் திருப்பி வைத்துவிட்டேன். பத்தொன்பது வருஷத்தில் இதுதான் முதல் தடவை. முதலாளி, "ரெண்டு நாள் லீவு எடுத்துக்கம்மா" என்றார். லீவு எடுத்து என்ன செய்வேன்? இந்த அறைக்கு முன்னால்தான் உட்கார்ந்திருப்பேன்.

இன்னொன்று. நம் வீட்டில் ஒரு தகரக் கோழி இருந்ததே, சாவி கொடுத்தால் தரையைக் கொத்திக்கொண்டே நகருமே, அது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? படங்களை மறுபடி பார். ஒவ்வொரு அறையிலும் ஒரு மூலையில், மிளகு அளவுக்கு, பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும். உன் பூதக்கண்ணாடிக்கே அது தப்பிவிட்டது. முன்னறைக்குக் கொஞ்சம் பெரிதாக, சரியாகச் செய்ய ஆசை. பழைய பொம்மைக்காரரிடம் அதே மாதிரி ஒன்று இருக்கிறது, ஆனால் பச்சை. நம்முடையது சிவப்பு என்று நினைக்கிறேன். நிறமும் கோடுகளும் உனக்கு நினைவிருக்கிற அளவு எழுது. மற்றது என் பாடு.

அண்ணியிடம் பூந்தோட்டம் கட்டாயம் செய்து தருகிறேன் என்று சொல். பூவுக்குள் என்ன இருக்கும் என்று மட்டும் கேட்கவேண்டாம்.

உன் தங்கை
சுண்டு


மார்ச் 12

அன்புத் தங்கை சுண்டுவுக்கு,

லீவு எடுத்துக்கொண்டாயா? எடுக்கச் சொன்னால் எடு. திரும்பிய பல்லோடு அந்தப் பெரியவர் சாப்பிடுவதை நினைத்து அண்ணி சிரித்த சிரிப்பு அடங்க அரைமணி ஆனது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ சரியாக இல்லை என்று தெரிகிறது. நானும் புது வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் ஆகிறது, இன்னும் பெட்டிகளைப் பிரிக்க மனசில்லை.

கோழி சிவப்பில்லை. பொம்மைக்காரர்கள் எல்லாம் சிவப்பு என்றுதான் சொல்வார்கள், ஆனால் அது செங்கல் நிறம். கொண்டை மட்டும்தான் சிவப்பு. இறக்கையில் மூன்று மஞ்சள் கோடு. இடது பக்கத்தில் மூன்றாவது கோடு பாதி அழிந்திருக்கும். நாலரை அங்குல உயரம். அலகு நுனியில் பெயின்ட் போய் வெறும் தகரம் தெரியும். சாவி பித்தளை. கோழியோடு வந்ததில்லை, ஏதோ அலாரம் கடிகாரத்தின் சாவி. துளைக்குக் கொஞ்சம் சின்னது, ஆடாமல் இருக்கக் கறுப்பு நூல் சுற்றியிருக்கும். செய்வதென்றால் அந்த நூலையும் சேர்த்துச் செய், இல்லாவிட்டால் பார்க்க வேறு கோழியாகிவிடும்.

நீ சின்னப்பிள்ளை, உனக்கு இதெல்லாம் எங்கே நினைவிருக்கப் போகிறது.

மணிக்கட்டைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். அதை ஏன் கிளறவேண்டும்? அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்த நூலை எடுத்துவிடு.

உன் அண்ணன்


மார்ச் 25

அண்ணாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கிறேன். சமையலறையிலிருந்து வாசல், வாசலிலிருந்து சமையலறை. இப்போதும் நின்றுகொண்டேதான் எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

கடிகாரத்தைப் பற்றிக் கேட்டாய் இல்லையா? சொல்கிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அப்பா வீட்டை விட்டுப் போன அன்று மதியம் நான் முன்னறையில் தனியாக இருந்தேன். கோழிக்குச் சாவி கொடுத்தேன். அது நிறைய தூரம் போகவேண்டும் என்று ஆசை. முறுக்கினேன், இறுகியது, இன்னும் முறுக்கினேன். உள்ளே கிரீச் என்று ஒரு சத்தம். அப்புறம் சாவி லூசாகச் சுற்றியது. கோழி கொத்தவில்லை. அப்பாவுக்குக் கோபம் வந்தால் வீடு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். பயந்துபோய் அதை ஒளித்து வைக்க இடம் தேடினேன். ஆறு வயது மூளை, அப்பாவின் ஷூவுக்குள்ளேயே ஒளித்து வைத்தது. அவர் வந்து ஷூவை எடுத்தார். கோழி விழுந்தது. கையில் எடுத்துச் சாவியைச் சுற்றிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கோழியைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார். திரும்பி வரவே இல்லை. எனக்கு அப்போது மணி பார்க்கத் தெரியாது, முட்கள் இருந்த இடம் மட்டும்தான் ஞாபகம். அடுத்த வருஷம் பள்ளியில் மணி பார்க்கக் கற்றுக்கொடுத்தபோதுதான் அது மூன்று இருபது என்று தெரிந்தது. அன்று வகுப்பில் நான் வாந்தி எடுத்தேன். நீதான் வந்து அழைத்துப் போனாய்.

நான் உடைத்ததால்தான் அப்பா போனார். முப்பத்தெட்டு வருஷமாக இதை எனக்குள் வைத்திருக்கிறேன். வளர்ந்தபிறகு அது குழந்தைத்தனம் என்று தலைக்குத் தெரிந்துவிட்டது, கைக்குத் தெரியவில்லை. நான் குழாயை ஏன் இறுக்கி மூடுவதில்லை என்று நீயும் சிரித்தாய், நானும் சிரித்தேன். பழைய பொம்மைக் கடைகளில் நான் எதைத் தேடி அலைகிறேன் என்று இப்போது உனக்குப் புரியும்.

சரி. இப்போது நீ சொல்.

நான் முறுக்கிய சாவி பித்தளை இல்லை. தகரம். கோழியின் விலாவோடு சேர்ந்தது, கழற்றவே முடியாது. அதன் விளிம்பு அன்று என் கட்டைவிரலை அறுத்தது. தழும்பு இன்னும் இருக்கிறது, தினமும் லேபில் மெழுகு பிடிக்கும்போது பார்க்கிறேன். நூலும் கிடையாது, அலாரம் சாவியும் கிடையாது. அந்தக் கோழி அப்பாவின் பையில் அந்த வீட்டை விட்டுப் போனது.

நீ எழுதியிருக்கும் கோழியை நான் பார்த்ததே இல்லை. நீ எங்கே பார்த்தாய், அண்ணா?

சுண்டு


ஏப்ரல் 10

அண்ணாவுக்கு,

நீ நாலு தடவை ஃபோன் செய்ததைப் பார்த்தேன். எடுக்க மாட்டேன். எடுத்தால் நீ சமாதானம் சொல்வாய், நான் கத்துவேன், பதில் அதற்கு நடுவில் தொலைந்துபோகும்.

எழுது. லிஃப்டைப் பற்றி எப்படி எழுதுவாயோ அப்படி எழுது. எது எங்கே நின்றது, ஏன் நின்றது.

சுண்டு


ஏப்ரல் 17

அன்புத் தங்கை சுண்டுவுக்கு,

அன்பு என்று எழுத எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

நீ கேட்டபடி வரிசையாக எழுதுகிறேன்.

அம்மாவின் மணிக்கட்டில் வெந்நீர் கொட்டவில்லை. அவர் பிடித்து முறுக்கியது. அது முதல் தடவையும் இல்லை. அந்த வாரம்தான் அம்மா அவரிடம் இனி இங்கே இருக்கவேண்டாம் என்று சொன்னாள். நான் பக்கத்தில் நின்றேன். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் போய்விடுவதாக அவரும் ஒப்புக்கொண்டார். காலையிலேயே துணிப்பெட்டியைத் தான் வேலை பார்த்த அச்சகத்துக்கு அனுப்பிவிட்டார். நீ கோழியைத் தொடுவதற்கு முன்னாலேயே அவர் போயாயிற்று, சுண்டு. ஷூ மாட்டுவது மட்டும்தான் பாக்கி.

அவர் போன மறுநாள் அம்மா உட்கார்ந்து சாப்பிட்டாள். அதுவரை அவள் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. இந்த வீட்டுக்குள் அந்த மனிதரை இனி விடக் கூடாது என்று அன்று முடிவு செய்தேன். பதினாலு வயதில் ஒரு வீட்டுக்குக் காவல்காரன் ஆனேன்.

ஒன்பது நாள் கழித்து என் பள்ளி வாசலில் நின்றார். கையில் கோழி. கடிகாரக் கடையில் ஸ்பிரிங் மாற்றி, வேறு சாவி போட்டு வாங்கியிருந்தார். முதல் கேள்வியே உன்னைப் பற்றித்தான். "பாப்பா அழுதாளா?" என்றார். அடுத்து அவர் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன்: "அவ சாவி கொடுத்ததால உடையலப்பா. உள்ள ஸ்பிரிங் ஏற்கெனவே துருப்பிடிச்சிருந்துச்சு. பாப்பாகிட்ட மறக்காம சொல்லு."

நான் சொல்லவில்லை. கோழியையும் கொடுக்கவில்லை. கொடுத்தால் எங்கிருந்து வந்தது என்று கேட்பாய். அப்பா வந்தார் என்று தெரிந்தால் வாசலில் போய் நிற்பாய். நீ நின்றால் அவர் உள்ளே வருவார். எனக்கு அவ்வளவுதான் கணக்கு. ஸ்பிரிங் பேச்சு வெறும் பொம்மைப் பேச்சு என்று நினைத்தேன். ஒரு பொம்மை உடைந்ததற்கு யாராவது முப்பத்தெட்டு வருஷம் அழுவார்களா? நீ இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உன் ஒழுகும் குழாய்களை உட்கார்ந்து கேலி செய்துகொண்டிருந்தேன்.

மூன்று மாதம் கழித்து மறுபடி வந்தார். கொடுத்தாயா என்றார். கொடுத்தேன், சிரித்தாள் என்று பொய் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துபோனது. அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. மூன்றாவது தடவை, "அவ உங்கள மறந்துட்டா, இனிமே வராதீங்க" என்றேன். தலையை ஆட்டினார். குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினார், அது கட்டித்தான் இருந்தது. போய்விட்டார். எட்டு வருஷம் கழித்து இறந்துபோனதாக அச்சகத்து ஆள் ஒருவர் சொல்லி அனுப்பினார். உன்னிடம் சொல்லவேண்டாம் என்று அம்மாவும் நானும் முடிவு செய்தோம். கோழி விஷயம் அம்மாவுக்கும் தெரியாது.

அவரை வீட்டுக்குள் விடாததற்கு இன்றுவரை நான் வருத்தப்பட்டதில்லை. அதைப் பொய்யாக எழுத முடியாது. ஆனால் அந்த ஒரு வார்த்தையை உன்னிடம் சொல்லியிருக்கலாம். அதற்கு வாசல் கதவைத் திறக்கவேண்டிய அவசியமே இல்லை. இதை எழுதும்போதுதான் எனக்கே தெரிகிறது.

கோழியை இத்துடன் அனுப்புகிறேன். எத்தனை வீடு மாறினாலும் என் டூல்பாக்ஸின் அடித்தட்டில் இருந்தது. வருஷத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டிருக்கிறேன். சாவி மட்டும் ஒரு தடவைகூடக் கொடுத்ததில்லை. அது எனக்காக வந்தது இல்லையே.

நீ என்ன எழுதினாலும் படிப்பேன். எழுதாவிட்டாலும் சரி.

உன் அண்ணன்


மே 6

அண்ணாவுக்கு,

பார்சல் வந்து ஒன்பது நாள் ஆகிறது. உடனே பதில் எழுதாததற்கு நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. உன்னிடம் முப்பத்தெட்டு வருஷம் இருந்தது.

மூன்று நாள் பிரிக்காமல் வைத்திருந்தேன். நாலாவது நாள் லேபிலேயே, மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போனபிறகு பிரித்தேன். செங்கல் நிறம்தான். நூலும் இருந்தது. என் வேலை மேஜையில் வைத்து மூன்று சுற்று சாவி கொடுத்தேன். நாலு தடவை கொத்திவிட்டு நின்றது. போதும் என்று எழுந்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். நாலாவது சுற்று கொடுத்தேன். அஞ்சு, ஆறு. எட்டில் இறுகியது. அங்கேதான் அன்று சத்தம் கேட்டது. விரலை எடுத்துவிட்டு அழுதேன். அழுதுகொண்டே ஒன்பது, பத்து. பதினொன்றில் அதற்கு மேல் போகமாட்டேன் என்று தானாக நின்றது. ஒன்றும் உடையவில்லை, அண்ணா. மேஜையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் கொத்திக்கொண்டே போனது. விழப்போனதை எட்டிப் பிடித்தேன். முதலாளி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். டீ வாங்கிக் கொடுத்தார்.

உன் மேல் எனக்கு இருக்கும் கோபத்தை எழுதினால் இந்தக் காகிதம் தாங்காது. நீ அவரைத் தடுத்தது அம்மாவுக்கு நல்லது. எனக்கும் நல்லதாகவே இருக்கலாம். அந்தச் சொல்லைத் தடுத்தது யாருக்கும் நல்லதில்லை. அவர் அம்மாவின் கையை முறுக்கிய மனிதர் என்பதும், ஒரு பொம்மைக்கு ஸ்பிரிங் மாற்ற அலைந்த மனிதர் என்பதும் இப்போது எனக்கு ஒரே நாளில் வந்து சேர்ந்திருக்கிறது. இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் வீட்டுக்குள் நடக்கிறேன். பதினாலு வயதில் நீ பள்ளி வாசலில் தனியாக நின்றதை நினைத்தால் அதற்கும் அழுகை வருகிறது. அது வந்தால் கோபம் இன்னும் கூடுகிறது.

ஏழாவது அறை முடிந்துவிட்டது. சின்னக் கோழி செய்யவில்லை. உண்மையான கோழியையே முன்னறைக்குள் வைத்துவிட்டேன். நாலரை அங்குலம், அந்த அறைக்குள் நாலரை அடி. அம்மா பொம்மையின் தோளுக்கு மேல் நிற்கிறது. ஆறு வயதுப் பெண் பொம்மை அதன் அலகுக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கிறது. பார்த்தால் பயமாகத்தான் இருக்கிறது. எனக்கு அது அத்தனை வருஷமும் அவ்வளவு பெரிதாகத்தான் இருந்தது. கடிகாரத்தில் முள் வைக்கவில்லை. அம்மாவின் நூலை எடுக்கவும் இல்லை.

அப்புறம் கண்காட்சி. மற்ற ஆறு அறைகளுக்கும் முன்னால் "தொடாதீர்கள்" என்று நூலகர் அம்மா அட்டை வைத்திருக்கிறார். ஏழாவதற்கு நானே எழுதினேன்: "முழுவதும் சாவி கொடுக்கலாம். உடையாது." நேற்று வந்தவர்களில் பாதிப் பேர் அதைத் தொடவே பயந்தார்கள். ஒரு சின்னப் பெண் மட்டும் அவள் அம்மாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி பதினோரு சுற்றும் கொடுத்தாள். நான் தூணுக்குப் பின்னால் நின்று எண்ணினேன்.

இப்போது உனக்கு ஒரு வேலை. அப்பா உன்னிடம் எழுதச் சொல்லவில்லை, சொல்லச் சொன்னார். நீ இன்னும் சொல்லவில்லை. காகிதத்தில் எழுதியதை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஃபோன் செய். எடுப்பேன். லிஃப்ட், முழங்கால், மன்னிப்பு, எதையும் பேசாதே. அவர் சொன்னதை, அவர் சொன்ன மாதிரியே, பாப்பாவிடம் சொல். நான் கேட்டுக்கொள்கிறேன். அப்புறம் மூன்றாவது நிமிஷத்தில் சண்டை வந்தால் வரட்டும்.

சுண்டு